இரண்டாம் பக்கம்

இராஜபாளையம்
20.1.1991

அன்புள்ள தம்பி வேல்சாமிக்கு அண்ணன் பால்ச்சாமி எழுதுவது. நானும் உன் மதினி முத்துப்பேச்சியும் இங்கே சுகம். உன் சுகத்துக்கு இரண்டு வரி எழுதினால் பட்டாளத்தில் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வார்களா என்ன?

நீ ஷில்லாங்கிலிருந்து அனுப்பிய கேசட்டுகளும் வாக்மேனும் வந்து சேர்ந்தன. பார்சலைப் பிரிக்கும்போது தெருவே கூடிவிட்டது. "பட்டாளத்துச் சிங்கம் அண்ணனுக்கு அனுப்பியிருக்கு, தொடாமப் பாருங்கலே" என்று சொல்லிக் காட்டினேன்.

இனி பாட்டு. மண்டையோட்டுப் படம் போட்ட கேசட் முதல் தரம். அந்த மேளக்காரன் மனுஷனே இல்லை. மில்லில் நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷின் எல்லாம் ஒன்றாக ஓடும்போது தரையிலிருந்து கால் வழியாக நெஞ்சுக்கு ஏறுமே ஓர் அதிர்வு, அதே அதிர்வு. ஆனால் மில் சும்மா கத்துகிறது. இவர்கள் கத்துவதில் ஒரு நியாயம் இருக்கிறது. கிடார்காரனுக்குத் தலைக்கனம். மூன்றாம் பாட்டில் தாளத்தை விட்டு ஓடிப்போய், கெட்டுத் திரும்பிய பிள்ளை மாதிரி கடைசியில் வந்து சேர்கிறான்.

தங்க முடிக்காரி படம் போட்ட கேசட் தேறாது. பாப் என்று எழுதியிருந்தாய். அவள் பாடுகிறாளா, மூச்சு விடுகிறாளா என்றே தெரியவில்லை. கீழே டொம் டொம் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பதிந்தவனிடம் விசாரி.

வில்லிபுத்தூர் பஸ் நிலையம் பக்கத்தில் நம் அய்யம்மாள் மாப்பிள்ளை கருத்தையா பார்த்து வைத்த அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். கிருஷ்ணன்கோவில் காலேஜ் பையன்கள் இங்கிலீஷ் பாட்டுப் பதிய மதுரை வரை போகிறார்கள். நாம் கேசட் கடை போட்டால் எது நல்லது, எது குப்பை என்று நான் சொல்வேன். நீ கல்லாவில் உட்காரலாம். ஆனால் அவசரமில்லை. இன்னும் கொஞ்ச காலம் இருந்து சுபேதாராகத் திரும்பினால் தெருவில் நமக்கு ஒரு கெத்து.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு படு.
பால்ச்சாமி


ஷில்லாங்
18.2.1991

மரியாதைக்குரிய அண்ணனுக்கும் மதினிக்கும் வேல்சாமியின் வணக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம்தான் சரியில்லை, அது ஒரு பெரிய விஷயமில்லை.

தங்க முடிக்காரி கேசட்டின் இன்னொரு பிரதியை இங்கே என் நண்பன் ஞானதுரையிடம் போட்டுக் காட்டினேன். செட்டியார்பட்டிக்காரன், உங்களுக்கும் தெரியும். குரல் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறது என்கிறான். உங்கள் காதுக்குப் பிடிக்கவில்லை என்றால் விடுங்கள். உங்கள் கருத்தை இங்கே கடைவீதிப் பையன்களிடம் சொல்வேன். தலைமுடி வளர்த்துக் கிடாரோடு திரிகிற பையன்கள். தமிழ்நாட்டு மில்லில் ஒருவர் இதையெல்லாம் கேட்கிறார் என்றால் சந்தோஷப்படுகிறார்கள்.

ஒன்று கேட்க வேண்டும் என்று நெடுநாளாக நினைப்பு. சின்ன வயதில் நாம் டீக்கடை வாசலில் நின்று தமிழ்ப் பாட்டுதானே கேட்டோம். நீங்கள் வரி வரியாக ஒப்பிப்பீர்கள். இப்போது ஏன் அதைத் தொடுவதே இல்லை?

வருகிற ஜனவரியோடு எனக்குப் பதினைந்து வருஷம் முடிகிறது. வெளியே வருவதா, நீட்டிப்பதா என்று அக்டோபர் கடைசிக்குள் எழுதித்தர வேண்டும். நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதுதான். அப்பா இறந்ததிலிருந்து அப்படித்தானே.

உங்கள் வார்த்தைக்குக் காத்திருக்கும்
வேல்சாமி


இராஜபாளையம்
14.4.1991

அன்புத் தம்பிக்கு, சித்திரை பிறந்த நாளில் அண்ணனின் ஆசி. வெயில் மண்டையைப் பிளக்கிறது. மற்றபடி குறையில்லை.

தமிழ்ப் பாட்டு ஏன் கேட்பதில்லை என்கிறாய். கேட்டது போதும் என்றுதான். இருபது வருஷம் கத்தரிக்காய் தின்றவன் முருங்கைக்காய் கேட்டால் தப்பா?

தீப்பிடித்த வண்டிப் படம் போட்ட புதுக் கேசட் பற்றி. முதல் பாட்டு இடி. இரண்டாவதில் மேளக்காரன் இரண்டு காலாலும் உதைக்கிறான், வாக்மேனைப் பிடித்திருந்த கை நடுங்கியது. மண்டையோட்டுக்காரர்களை விட இவர்களுக்குக் கோபம் அதிகம், பக்குவம் குறைவு. இன்னும் இரண்டு கேசட் போட்டால் தேறிவிடுவார்கள். வெள்ளைச் சட்டைக்காரன் படம் போட்டது வேண்டாம். அதுவும் பாப்தானே. கஞ்சியில் உப்பில்லை.

பொதுவாகவே இப்போது யாருக்கும் வாயைத் திறந்து பேசத் தெரியவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் முனகுகிறான். ரேஷன் கடைக்காரன் முனகுகிறான். உன் மதினி மட்டும் கத்துகிறாள். "எம்புட்டு நேரமாக் கூப்புடுதேன், மரம் மாதிரி இருக்கீகளே" என்று நேற்றுகூடச் சண்டை. வாக்மேனை மாட்டியிருந்தேன் என்று சொல்லித் தப்பித்தேன். நீ அனுப்பியதிலேயே நல்ல சாமான் அதுதான்.

வருவதைப் பற்றி நீயே யோசி. நீ பட்டாளத்தில் இருப்பதில் எனக்குப் பெருமைதான், அதை எத்தனை முறை சொல்வது.
பால்ச்சாமி


ஸ்ரீவில்லிபுத்தூர்
16.8.1991

பாசமுள்ள தம்பி வேல்சாமிக்கு அக்கா அய்யம்மாள் எழுதுவது. நானும் அத்தானும் பிள்ளைகளும் சுகம். மனசுதான் சுகமில்லை.

ஆடிப்பூரத் தேருக்கு அண்ணன் வந்திருந்தார். நாங்கள் வடம் பிடித்து முடித்து ஓரமாக நின்றோம். பத்தடி தூரத்தில் போகிறார். "அண்ணே, அண்ணே" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தானும் கூப்பிட்டார். காதில் அந்த வயரை மாட்டிக்கொண்டு மகாராஜா மாதிரி நடந்து போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரி, "உங்க அண்ணனா அவிய?" என்று கேட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது.

போன மாதம் கடை அறையைப் பற்றிப் பேச அத்தான் இராஜபாளையம் போனபோதும் இதே கதைதான். இவர் ஒன்று கேட்க, அவர் ஒன்று சொல்லியிருக்கிறார். "மச்சானுக்கு நம்மகிட்டப் பேசவே இஷ்டமில்ல, இனிமே அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்" என்கிறார் அத்தான். தம்பி பட்டாளத்தில் இருக்கிறான், வெளிநாட்டுப் பாட்டு கேட்கிறோம் என்று அண்ணனுக்குத் திமிர் வந்துவிட்டது. வேறென்ன சொல்வது?

நீயாவது எங்களை மறக்காமல் இரு. தூக்கம் இல்லை என்று எழுதியிருந்தாயே, டாக்டரைப் பார்த்தாயா?
அய்யம்மாள்


ஷில்லாங்
9.9.1991

அக்காவுக்கு வேல்சாமியின் அன்பு. அண்ணன் அப்படிச் செய்பவர் இல்லை. தேர்க் கூட்டத்தில் கேட்டிருக்காது. அத்தானிடம் சொல், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. போன வருஷம் காட்டில் ரோந்து போனபோது எனக்கு முன்னால் நடந்தவன் கண்ணெதிரே குண்டு பட்டுப் போய்விட்டான். கொஞ்சம் முன்புதான் என்னிடம் தீப்பெட்டி கேட்டான். அதிலிருந்து கதவு படார் என்று சாத்தினாலே எனக்குக் கை உதறுகிறது. பட்டாளத்தான் இதை யாரிடம் சொல்வான்? கடிதத்தில் எழுதினால் அண்ணன் வழக்கம்போல அதைத் தெருவுக்கே வாசித்துக் காட்டுவார். சிங்கம் என்று சொல்லி வைத்திருக்கிறாரே.

அதனால் ஒரு காரியம் செய்தேன். புதுக் கேசட்டின் ஒரு பக்கத்தில் அவருக்குப் பிடித்த முரட்டுப் பாட்டைப் பதிந்துவிட்டு, மறுபக்கத்தில் நானே பேசியிருக்கிறேன். அரபு நாட்டுக்குப் போனவர்கள் வீட்டுக்குப் பேசி அனுப்புவார்களே, அந்த மாதிரி. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடைசியில், "அண்ணே, வாடா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்" என்று முடித்தேன். லீவில் வருகிற ஞானதுரை கையில் கொடுத்தேன். இரண்டாம் பக்கத்தைத் தனியாக இருக்கும்போது கேட்கச் சொல் என்று பல தடவை படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன்.

அவர் பதில் வரும்வரை நீ யாரிடமும் மூச்சு விடாதே. எனக்காகக் கும்பிட்டுக்கொள்.
வேல்சாமி


இராஜபாளையம்
10.10.1991

அன்புத் தம்பிக்கு அண்ணன் எழுதுவது. நலத்துக்குக் குறைவில்லை. மதினிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், இப்போது எழுந்துவிட்டாள்.

ஞானதுரை வந்து கேசட்டைக் கொடுத்தான். வாசலில் நின்று ஏதேதோ நிறையப் பேசினான். தங்கமான பையன். சரி சரி என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

முதல் பக்கம் பிரமாதம். இவ்வளவு நாள் நீ அனுப்பியதில் இதற்குத்தான் முதல் மார்க். கட்டடம் இடிகிற மாதிரி ஆரம்பித்து, இடிந்த கட்டடத்தை எடுத்துக் கட்டுகிற மாதிரி முடிக்கிறார்கள். இரண்டு முறை கேட்டேன்.

இரண்டாம் பக்கம் சுத்த மட்டம். எவனோ ஒருவன் மேளமும் இல்லாமல் கிடாரும் இல்லாமல் முணுமுணுவென்று புலம்பிக்கொண்டே இருக்கிறான். இதுதான் புது பேஷன் என்றால் எனக்கு வேண்டாம். ஆம்பளை என்றால் கத்த வேண்டும், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். இந்த அழுமூஞ்சிக்கெல்லாம் நம் கடையில் இடம் கிடையாது. அவன் அங்கேயே இருக்கட்டும்.

அடுத்த முறை மண்டையோட்டுக்காரர்கள் புதிதாக ஏதாவது போட்டிருந்தால் அனுப்பு.
பால்ச்சாமி


ஷில்லாங்
2.11.1991

அக்காவுக்கு. எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

அண்ணன் பதில் போட்டுவிட்டார். நேராகத் திட்டவில்லை. பாட்டுக்குக் கருத்துச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டார். ஆம்பளை என்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டுமாம். அழுமூஞ்சிக்குக் கடையில் இடமில்லையாம், அங்கேயே இருக்கட்டுமாம். நான் பேசியதைப் பாதிக்கு மேல் கேட்கக்கூட அவருக்குப் பொறுக்கவில்லை.

எனக்குக் கோபம் இல்லை. அவர் வளர்த்த பிள்ளை இப்படிப் பயந்தவனாகப் போனால் அவருக்கு வலிக்கத்தானே செய்யும். போன திங்கட்கிழமை நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் எங்களை வடக்கே பனிமலைக்கு அனுப்புகிறார்கள். இனி அண்ணனுக்கு எழுதக் கை வராது. விசாரித்தால் சுகம் என்று சொல்.
வேல்சாமி


ஸ்ரீவில்லிபுத்தூர்
8.12.1991

தம்பி வேல்சாமிக்கு. உடனே இந்தக் கடிதத்தைப் படி. நலம் விசாரிக்கக்கூட நிதானம் இல்லை.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தான் போகாதே என்றார், கேட்கவில்லை. நேற்று அண்ணனிடம் நான்கு வார்த்தை கேட்டே தீருவது என்று பஸ் ஏறினேன். அண்ணன் முற்றத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே கத்தினேன். "வான்னு ஒரு வார்த்தை சொன்னா உம்ம கெத்து கொறஞ்சிருமா? பிள்ளைய ஐஸுக்குள்ள அனுப்பிட்டீரே" என்று வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டினேன். அவர் திரும்பவே இல்லை. துடைத்துக்கொண்டே இருந்தார்.

மதினி அடுக்களையிலிருந்து ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். "ஏட்டி, அவியளத் திட்டாத. அவியளுக்குக் காது கேக்காதுட்டி" என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மில் சத்தத்தில் மூன்று வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. மில்லுக்குள்ளே எல்லோரும் வாயசைப்பைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்களாம், அதனால் அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. மதினிக்கே இந்தத் தீபாவளிக்குத்தான் தெரிந்திருக்கிறது. பின்னால் வெடி வெடித்தும் அசையாமல் நின்றாராம். வெளியே சொன்னால் செத்துப்போவேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.

கேசட்டை எடுத்து டேப் ரிக்கார்டரில் போட்டோம். உன் குரல் வந்ததும் மதினி பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவளே ஒரு காரியம் செய்தாள். கல்யாணத்துக்கு முன் அவளும் மில்லில் வேலை பார்த்தவள்தானே. நீ ஒரு வாக்கியம் பேசியதும் டேப்பை நிறுத்துவாள். அண்ணன் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்து அதைச் சொல்வாள். பிறகு அடுத்த வாக்கியம். தீப்பெட்டி கேட்டவனைப் பற்றிச் சொன்னபோது அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசி வரியைச் சொன்னபோது அவர் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அவர் அழுததை நான் அப்பா சாவில்கூடப் பார்த்ததில்லை.

உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்தக் கையெழுத்தை மாற்ற முடியுமா என்று பார். உன் அண்ணனுக்குத் திமிர் இல்லையடா. நாம்தான் தெரியாமல் பேசிவிட்டோம்.
அக்கா அய்யம்மாள்


இராஜபாளையம்
9.12.1991

என் தம்பி வேல்சாமிக்கு.

வா. முதலில் அதை எழுதிவிடுகிறேன். இனி நான் என்ன உளறினாலும் அந்த வார்த்தையை மட்டும் எடுத்துக்கொள். வந்துவிடு.

முதலில் குருவிச் சத்தம் போனது. பிறகு உன் மதினி வளையல். எல்லாம் தூரத்துக்குப் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். டீக்கடையில் தமிழ்ப் பாட்டு ஓடும், பக்கத்தில் இருப்பவன் சேர்ந்து பாடுவான், எனக்கு வார்த்தை பிடிபடாது. ஒரு நாள் அவனுக்குச் சமமாக வாயசைத்தேன், அவன் சிரித்துவிட்டான். அன்றோடு தமிழ்ப் பாட்டை விட்டேன். நீ அனுப்பிய இங்கிலீஷ் பாட்டில் அந்த வெட்கம் இல்லை. ஊரில் யாருக்கும் அது புரியாது. மேளமும் அதிர்வும் மட்டும் எனக்கு மிச்சம் இருந்தன, உன் முரட்டுப் பையன்கள் அதை அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு பெரிய ரசிகன் மாதிரி உனக்கு எழுதினேன். கடைக்கு என் காதுதான் முதல் என்று நீ நம்பிக்கொண்டிருந்தாய், நான் எப்படிச் சொல்வேன்?

இரண்டாம் பக்கத்தில் கேட்டது உன் குரல் என்று எனக்குத் தெரியவில்லை. தமிழ் என்றுகூடத் தெரியவில்லையடா. மடியில் உட்காரவைத்துப் பேசப் பழக்கிய பிள்ளையின் குரலைக் கேட்டு, எவனோ புலம்புகிறான் என்று எழுதினேனே.

சிங்கம் என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன். பயந்துகொண்டே வா, பரவாயில்லை. நான் இருக்கிறேன். நேற்றிலிருந்து அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு ஸ்பீக்கர் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ பேசுவது உள்ளங்கையில் தெரிகிறது. என்ன பேசுகிறாய் என்பதுதான் தெரியாது, அது எனக்கு மனப்பாடம்.
அண்ணன்


மே/பா. 56 ஏ.பி.ஓ.
11.3.1992

மதிப்பிற்குரிய அய்யம்மாள் அக்காவுக்கு, செட்டியார்பட்டி ஞானதுரை எழுதுவது. நீங்கள் அனைவரும் நலமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன்.

வேல்சாமி ராணுவ ஆஸ்பத்திரியில் இருக்கிறான். உயிருக்கு ஆபத்து இல்லை. பிப்ரவரியில் பனிப்புயலில் மாட்டிக்கொண்டோம். வழுக்கி விழுந்த ஒருவனுக்குக் கயிறு கட்டக் கையுறையைக் கழற்றினான். முடிச்சுப் போட நேரமாகிவிட்டது. வலது கையில் கட்டைவிரல் தவிர மற்ற விரல்களை எடுத்துவிட்டார்கள். இடது கையிலும் பாதி விரல்கள் போய்விட்டன. பட்டாளம் அவனை வீட்டுக்கு அனுப்புகிறது. நீட்டிக்காமல் இருந்திருந்தால் ஜனவரியிலேயே ஊர் வந்து சேர்ந்திருப்பான்.

உங்கள் கடிதமும் அண்ணன் கடிதமும் மலை ஏறி வர இவ்வளவு காலம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்து நான்தான் இரண்டையும் வாசித்தேன். அண்ணன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னான். கேசட்டைக் கொடுத்த அன்று அண்ணன் தலையாட்டினதை நம்பிவிட்டேனே என்று எனக்கும் ஆறவில்லை.

உங்களிடம் அவன் ஒன்றே ஒன்று கேட்கிறான். நவம்பரில் உங்களுக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அண்ணனிடம் அவன் என்ன சொன்னாலும் ஆமாம் என்று மட்டும் சொல்லுங்கள்.
ஞானதுரை


மே/பா. 56 ஏ.பி.ஓ.
12.3.1992

மரியாதைக்குரிய அண்ணனுக்கும் மதினிக்கும் வேல்சாமியின் வணக்கம். நான் சுகம். கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கையில் கொஞ்சம் குளிர் பட்டுவிட்டது, நான் சொல்லச் சொல்ல ஞானதுரை எழுதுகிறான்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் வீணாக மனசைப் போட்டு உழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். நான் ஆகஸ்டிலேயே நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கேசட்டில் பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான். போட்டுவிட்டு உங்களிடம் சொல்ல வெட்கப்பட்டு, கேட்பதுபோலக் கேட்டேன். நீங்கள் அப்போதே வா என்று எழுதியிருந்தாலும் நான் வந்திருக்க முடியாது. அக்காவிடம் கேட்டுப் பாருங்கள், அவளுக்குத் தெரியும்.

இப்போது மேலதிகாரிகளாகப் பார்த்து அனுப்புகிறார்கள். வைகாசிக்குள் வந்துவிடுவேன். ஸ்டேஷனுக்கு வாருங்கள். நான் பின்னாலிருந்து கூப்பிட மாட்டேன், முன்னால் வந்து நிற்கிறேன். கடை அறையை அத்தான் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும். மதினியும் நம்மோடு சேர்ந்துகொண்டால் நடத்திவிடலாம். எனக்குப் பட்டன் அமுக்கக் கொஞ்சம் சிரமமாக இருக்கும், அதை நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் கேசட்டைத் திரும்பத் திரும்பப் போட வேண்டாம் அண்ணே, டேப் தேய்ந்துவிடும். முதல் பக்கம் நீங்கள் சொன்னதுபோல முதல் தரம்தான், அதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பக்கம் பற்றி நீங்கள் எழுதியதும் சரிதான். அவன் தேவையில்லாமல் ரொம்ப நேரம் புலம்பிவிட்டான். மதினியை அதன் மேல் வேறு நல்ல பாட்டாகப் பதிந்துவிடச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி
வேல்சாமி